மழலையர் குருதியில் மதுவம்: குற்றவாளி யார்?

மன்னார்க் கடற்கரையின் தென்கோடியில், வில்பத்துக் காட்டின் வடவிளிம்பைத் தொட்டுக் கிடக்கும் மறிச்சுக்கட்டியை இன்று அறிந்தவர் சிலரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அதன் பெயர் கடல்கடந்த வணிகர் நாவிலெல்லாம் புரண்டது. முத்துச் சலாபம் அங்கே கூடிய காலம் அது. வெறும் மணற்பரப்பில் ஓலையும் கம்பும் கொண்டு ஒரு நகரம் எழுந்தது. பல்லாயிரம் மக்கள் சில வாரங்கள் அதில் நிறைந்தனர். நீதிமன்றம் வந்தது; சிறைச்சாலை வந்தது; தந்தி நிலையம் வந்தது; வைத்தியசாலையும் வந்தது. 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. மூச்சடக்கி மூழ்கிய குளிகாரருக்கு மூன்றில் ஒரு பங்கு; கரையில் நின்ற பிரித்தானிய அரசுக்கு மூன்றில் இரு பங்கு. 1906 இல் முத்துப்பார்களை ஒரு கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டனர். 1907 க்குப் பின் பார்கள் வறண்டன. நகரம் மறைந்தது, நகரத்தோடு வைத்தியசாலையும் மறைந்தது.

கொள்ளைநோய் வந்தால் குளிப்பு நிற்கும், குளிப்பு நின்றால் வருவாய் நிற்கும் என்ற அச்சமே அவ்வைத்தியசாலையின் அத்திவாரம். இப்பழங்கதையை நாம் நினைவூட்டுவது முத்தின் பெருமை பேசுவதற்கன்று. ஒரு சமுதாயம் தன் மருத்துவத்தை எவர்பொருட்டு நடத்துகிறது என்ற கேள்வி இன்றும் நம்முன் நிற்கிறது. அதற்கு விடை தேட நாம் செல்லவேண்டிய இடம், குறைமாதத்தில் பிறந்த சிசுக்கள் கிடத்தப்பட்டிருக்கும் வைத்தியசாலை வாட்டு.

மறிச்சுக்கட்டி மக்கள் உழைப்பையன்றி வேறு உடைமை பெரிதும் அற்றவர்கள். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரோடும் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டு, புத்தளத்து அகதிக் குடியிருப்புகளில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளைக் கழித்து, போர் முடிந்த பின்னரே படிப்படியாகத் தம் மண்ணுக்குத் திரும்பியவர்கள். இக்கரையில் ஒரு தாய் குறைமாதத்தில் பிள்ளை பெற்றால், அப்பிள்ளை மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட வேண்டும். அங்கும் இயலாதெனின் யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ அனுப்பப்பட வேண்டும். அத்தனை வழியையும் கடந்து உயிரோடு சேரும் பிள்ளையை வைத்தியசாலைக்குள் ஒரு பகைவன் எதிர்கொள்ளக்கூடும். வீட்டிலிருந்து வந்த நோயன்று அது. வைத்தியசாலையே தரும் நோய்.

மதுவம் என்று நம் பாடநூல்கள் கூறுவதும், கடைத்தெருவில் ஈஸ்ட் என வழங்குவதும் ஒன்றே. பாண் மாவைப் பொங்கச் செய்வதும் கள்ளை நுரைக்கச் செய்வதும் அதுவே. அவ்வினத்தைச் சேர்ந்த பல உயிரிகள் நம் தோலிலும் வாயிலும் குடலிலும் தீங்கேதும் செய்யாது குடியிருக்கின்றன. கண்டிடா என்னும் பேரினம் அவற்றுள் முதன்மையானது. உடல்நலமுள்ள மனிதனின் தோலும், குடலில் வாழும் கோடானுகோடி பக்டீரியாக்களும் அவற்றை அடக்கி வைத்திருக்கின்றன. குறைமாதச் சிசுவுக்கு இவ்விரு அரண்களும் இல்லை. அதன் தோல் ஈரத்தாளை ஒத்தது. தாய்ப்பால் வழியே குடலில் குடியேற வேண்டிய நல்ல பக்டீரியாக்களை, முன்னெச்சரிக்கை என்ற பெயரில் ஊசிவழி ஏற்றப்படும் பல்வகை நுண்ணுயிர்கொல்லிகள் அழித்துவிடுகின்றன. வெற்றிடத்தில் மதுவம் பெருகுகிறது. மருந்தும் ஊட்டமும் செலுத்துவதற்காக நாளத்தில் செருகிய குழாய் அதற்கு வாசலாகிறது. குழாயின் உட்சுவரில் அது படலமாய்ப் படிந்துகொண்டால் மருந்தும் எளிதில் அதனைத் தீண்டுவதில்லை.

குருதியில் மதுவம் புகுந்த குழந்தை அதனை அறிவிக்கும் விதமும் கொடியது. பால் குடிக்க மறுக்கும். மூச்சு இடையிடையே தடைப்படும். உடல் குளிர்ந்து சோரும். பக்டீரியா புகுந்தாலும் இவையே அடையாளங்கள். எனவே மேலும் வலிய நுண்ணுயிர்கொல்லி ஏற்றப்படும். மதுவமோ அதனால் மேலும் செழிக்கும். உண்மையை அறிய முதன்மையான வழி குருதியை எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்ப்பது. அதற்குச் சில நாட்கள் வேண்டும். அவ்வாறு பார்த்தும் ஏறக்குறைய பாதி நோயாளரில் அது புலப்படாது போகும். இந்தியாவின் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2011, 2012 ஆம் ஆண்டுகளில் நடந்த பெரும் ஆய்வொன்றில், அங்கேயே கண்டிடா குருதித் தொற்றுக்கு ஆளானோர் 1,400 பேர் எனத் தெரியவந்தது. சிறியோரும் பெரியோருமாகிய அந்நோயாளருள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் முப்பது நாட்களுக்குள் மாண்டனர்.

இங்கே முதலாவது குரல் எழுகிறது: "குறைமாதப் பிள்ளை, எப்படியும் பிழைத்திராது, அதன் விதி அவ்வளவுதான்." இக்குரலைக் கிராமத்துக் கிழவியிடமிருந்து கேட்டால் நாம் வருந்துவோம், அவளுக்கு ஆறுதல் சொல்வோம். படித்தவரும் பதவியில் இருப்பவரும் வெண்ணிற மேலங்கி அணிந்தவரும் அதே சொல்லைக் கூறுவாராயின் அது ஆறுதலாகாது. பொறுப்பிலிருந்து நழுவுவதற்கான தந்திரமாகும். விதி என்பது மாற்ற இயலாதது. மாற்றிக் காட்டப்பட்ட ஒன்றை விதி என்று எவ்வாறு அழைப்பது?

மாற்றிக் காட்டப்பட்டது கற்பனையன்று. சண்டிகார் நகரின் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் 1996 ஏப்ரல் முதல் 1998 பெப்ரவரி வரை, இருபத்து மூன்று மாதங்கள், பிக்கியா அனோமலா என்னும் மதுவம் குழந்தைகளிடையே பரவியது. 379 சிசுக்களும் குழந்தைகளும் தொற்றுக்குள்ளாயினர். அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகளில் இது நூற்றுக்கு 4.2. குழந்தைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் தொடங்கிய தொற்று வாட்டு வாட்டாக நகர்ந்தது. எடையில் 1,500 கிராமுக்கும் குறைந்தவை, மாதம் நிறையாதவை, நெடுநாள் தங்கியவை ஆகிய குழந்தைகளையே அது அதிகம் தேடிப் பிடித்தது. நோயாளரிடமிருந்து பெற்ற மாதிரிகளுள் நாற்பதை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது நாற்பதும் ஒரே வகையின என்பது புலனாயிற்று. அஃதாவது, ஒவ்வொரு குழந்தையும் தன் உடலிலிருந்தே தன் நோயைப் பெறவில்லை. ஒரே வித்து ஒரு தொட்டிலிலிருந்து இன்னொரு தொட்டிலுக்குச் சென்றிருக்கிறது. எதன் வழியே? மருத்துவப் பணியாளரின் கைகளின் வழியே என்று ஆய்வாளர் கண்டனர். கைகழுவுதலைச் செம்மைப்படுத்தும் கல்வி இயக்கம் நடந்தது. ஆபத்துக்குள்ளாகக்கூடிய சிசுக்களுக்கு நிஸ்டாட்டின், புளுக்கொனசோல் ஆகிய மருந்துகள் தடுப்பாக வழங்கப்பட்டன. பரவல் அடங்கியது. அந்நிறுவனத்து ஆய்வாளர் இதனைப் பெட்டியில் பூட்டி வைக்காது 2001 இல் உலகறிய எழுதி வெளியிட்டனர். அந்த நேர்மைக்கு நாம் தலைவணங்குகிறோம்.

இதில் நாம் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. இதே மதுவம் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் சிசுத் தீவிர சிகிச்சைப் பிரிவொன்றில் பரவிய செய்தி 1986 இலேயே லான்செட் ஏட்டில் வெளிவந்திருந்தது. செல்வ நாட்டு வைத்தியசாலையிலும் அது நுழையும். வறிய நாட்டிலும் அதனை வெளியேற்ற முடியும். இவ்விரு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்தால், 'விதி' என்ற சொல் தானே உதிர்ந்துவிடுகிறது.

அது உதிர்ந்ததும் இரண்டாவது குரல் எழும்: "அப்படியானால் குற்றம் தாதியுடையது. அவள் கை கழுவவில்லை." முதற் குரலினும் இது ஆபத்தானது, ஏனெனில் இதில் பாதி உண்மை இருக்கிறது. கை வழியாகவே நோய் சென்றது. ஆனால் அந்தக் கை எவருடையது?

1847 இல் வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர் இக்கேள்வியைத்தான் எழுப்பினார். அங்கே இரு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் வைத்தியர்களும் மருத்துவ மாணவர்களும் பணிபுரிந்தனர். மற்றதில் மருத்துவிச்சிகள் பணிபுரிந்தனர். தாய்மார் பெருந்தொகையாய் மாண்டது வைத்தியர்களின் பிரிவில். பிணப்பரிசோதனை அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்த கனவான்களின் கைகளே சாவைச் சுமந்து வந்தன. குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார், சாவு சரிந்தது. கனவான்களோ தம் கை அசுத்தமாயிருக்கக்கூடும் என்பதை ஏற்க மறுத்து அவரை எள்ளினர். அன்று மேலிருந்தோர் கையைக் குற்றங்கூற எவரும் துணியவில்லை. இன்று கீழிருப்பவளின் கையைக் குற்றங்கூற எவரும் தயங்குவதில்லை. மாறியது எது, மாறாதது எது என்பதை வாசகர் சிந்திப்பாராக.

ஒரு குழந்தையைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கைகழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் குழாயில் தண்ணீர் வரவேண்டும். சவர்க்காரமோ மதுசாரக் கரைசலோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் இருக்கவேண்டும். நள்ளிரவில் ஒரு தாதியின் பொறுப்பில் எத்தனை தொட்டில்கள்? ஒரு தொட்டிலில் குழந்தை மூச்சை நிறுத்துகிறது. மறு தொட்டிலில் குழாய் கழன்றுவிடுகிறது. மூன்றாவதில் பால் கொடுக்கும் வேளை தவறுகிறது. இரண்டு கை கொண்ட மனிதப் பிறவி அவள். தொட்டிலுக்கும் தொட்டிலுக்கும் இடையே ஒரு முழ இடைவெளியும் இல்லாத வாட்டில், ஒரே தொட்டிலில் இரு குழந்தைகளைக் கிடத்தும் நிலையில், "கையைக் கழுவுக" என்று சுவரில் விளம்பரம் ஒட்டுவது கல்வியா, கேலியா? தாதியின் மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கை அவளுடையது. அக்கைக்கு எத்தனை குழந்தைகள், எவ்வளவு நீர், எத்தனை நிமிடம் என்று தீர்மானிக்கும் கை வேறொன்று. வரவுசெலவுத் திட்டத்தில் ஒப்பமிடும் கை அது. அக்கையைக் கழுவச் சொல்வதற்கு எந்தச் சுவரில் விளம்பரம் ஒட்டுவது?

மருந்துக்கு வருவோம். தேவையோ இல்லையோ நுண்ணுயிர்கொல்லியை வாரியிறைக்கும் வழக்கம் நம் நாடுகளில் வேரூன்றிவிட்டது. குருதியைச் சோதிக்க ஆய்வுகூடம் கைக்கெட்டாத வைத்தியர் இருட்டில் அம்பு எய்கிறார். விற்பனை பெருகுவதைக் கம்பனி வெளிச்சத்தில் நின்று பார்க்கிறது. இவ்வழக்கம் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு ஒரு சான்று போதும். 2009 இல் யப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுக்கப்பட்டு முதன்முதல் விவரிக்கப்பட்ட மதுவம் கண்டிடா ஓரிஸ். இலத்தீனில் ஓரிஸ் என்பது காது. அதே இனம் 2009 முதல் 2011 வரை டில்லியின் இரண்டு வைத்தியசாலைகளில் பன்னிரண்டு நோயாளரின் குருதியில் காணப்பட்டதாக 2013 இல் ஆய்வாளர் அறிவித்தனர். அவ்விரண்டில் ஒன்று குழந்தைகளுக்கான மருத்துவ நிலையம். சண்டிகாரில் கைகொடுத்த புளுக்கொனசோல் இதனிடம் பெரும்பாலும் பயனற்றது. கட்டிற் சட்டத்திலும் கருவிகளிலும் நாட்கணக்கில் உயிர்வாழும். வழக்கமான கிருமிநீக்கிகள் பலவற்றுக்கும் எளிதில் அடங்காது. 2022 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் மனித குலத்துக்கு ஆபத்தான பங்கசுகள் பத்தொன்பதை வரிசைப்படுத்தியபோது, மிக ஆபத்தானவை என்ற முதல் வகுப்பில் இதனையும் வைத்தது.

மருந்து எவருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. பங்கசை அடக்கும் நிஸ்டாட்டினைக் கண்டறிந்தோர் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுண் என்னும் இரு பெண்மணிகள். நியூயோர்க் மாநில அரசின் சுகாதார ஆய்வுகூடத்தில் பணியாற்றிய அவர்கள் 1950 இல் அதனை அறிவித்தனர். அதனால் வந்த கோடிக்கணக்கான உரிமைப் பணத்தில் ஒரு காசையேனும் தமக்கென எடாது முழுவதையும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே ஒப்படைத்தனர். புளுக்கொனசோலின் வரலாறோ வேறு. அது பைசர் கம்பனியின் கண்டுபிடிப்பு. காப்புரிமை அதன் கையில். தென்னாபிரிக்காவில் எயிட்ஸ் நோயாளர் மூளைக்காய்ச்சலால் மடிந்துகொண்டிருக்க, மருந்து எட்டாத விலையில் இருந்தது. 2000 ஆம் ஆண்டில் அங்குள்ள சிகிச்சை நடவடிக்கை இயக்கத்தினர் தாய்லாந்திலிருந்து அதே மருந்தைப் பன்மடங்கு குறைந்த விலைக்கு வாங்கி வந்து, காப்புரிமையைப் பகிரங்கமாக மீறினர். ஒரு மருந்து மனிதனைக் காத்தது. மற்றையது மனிதனைக் காக்க மனிதர் முதலில் சட்டத்தை மீற வேண்டியிருந்தது.

நம் தீவுக்கும் இவ்வழியில் ஒரு முன்னோடி உண்டு. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. ஈராயிரத்தைத் தாண்டியிருந்த மருந்துப் பெயர்களை அவர் சில நூறாகச் சுருக்கினார். வர்த்தகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் சொந்தப் பெயரை வழங்கச் செய்தார். உலகச் சந்தையில் ஏலம் கேட்டு மலிவாக வாங்கச் செய்தார். அவர் 1977 இல் கயானாவில் காலமானார். அவ்வாண்டிலேயே தோன்றிய திறந்த பொருளாதாரம் அவர் கொள்கையை மெல்ல மெல்ல உரித்தெறிந்தது. பலனை நாடு கண்டது. 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்தின்மையால் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. 2023 இல், தரமற்ற இம்யூனோகுளோபுலின் குப்பிகள் அரச வைத்தியசாலைகளுக்கே விற்கப்பட்ட ஊழல் அம்பலமானது. நோயாளியின் நாளம் சிலருக்குப் பணம் பாயும் வாய்க்காலாகிவிட்டது.

மூன்றாவது குரல் இப்போது எழும்: "எல்லாம் சரி, நாடு கடனில் மூழ்கியிருக்கிறது, பணத்துக்கு எங்கே போவது?" இதற்கு வறிய நாடொன்றின் தலைநகரே விடை சொல்கிறது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இடநெருக்கடியும் தொற்றும் மலிந்து, சிசுக்களைச் சூடாக வைக்கும் கருவிகளும் போதாத மகப்பேற்று மருத்துவமனையொன்றில், எட்கார் ரேய், எக்டர் மார்ட்டினெஸ் என்னும் வைத்தியர்கள் 1970 களின் கடைசியில் ஒரு வழி கண்டனர். குறைமாதச் சிசுவைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டினர். தாயின் உடற்சூடே கருவியாயிற்று, தாய்ப்பாலே ஊட்டமாயிற்று, அந்நியக் கைகளின் தொடுகை குறைந்தது. இன்று உலகமெங்கும் அது கங்காரு முறை என்ற பெயரில் பின்பற்றப்படுகிறது. இதற்கு வேண்டிய செலவு தாய்க்கு ஒரு படுக்கை, ஒரு வேளைச் சோறு, அவள் கூலியை இழக்காதிருக்க ஒரு சிறு உதவி. மறிச்சுக்கட்டியின் கடற்றொழிலாளி மனைவி, வீட்டில் மற்றப் பிள்ளைகளை விட்டு, யாழ்ப்பாணத்தில் வாரக்கணக்கில் தங்குவதற்கு இவை வேண்டும். இவையும் இல்லை என்று சொல்லும் அரசு எதற்கு இருக்கிறது?

இலங்கை வறிய நாடாயிருந்தபோதே சாதித்ததையும் மறக்கலாகாது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள் முதல், வீடு வீடாக நடந்து சென்ற மருத்துவ மாதர் இந்நாட்டின் சிசு மரணத்தைத் தெற்காசியாவே வியக்கும் அளவுக்குத் தாழ்த்தினர். பணம் குவிந்த பிறகு அவர்கள் நடக்கத் தொடங்கவில்லை. மக்களின் உயிர் அரசின் கடன் என்ற கொள்கை அவர்களை நடக்க வைத்தது.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவது, ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையும் தன் சிசுப் பிரிவில் எத்தனை குழந்தைகள் அங்கேயே குருதித் தொற்றுக்கு ஆளாயின, எந்த உயிரியால், எத்தனை மாண்டன என்பதை ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்த வேண்டும். சண்டிகார் மறைக்காததால் கற்றது, மறைப்பவர் கற்கமாட்டார். இரண்டாவது, சிசுப் பிரிவில் ஒரு தாதிக்கு இத்தனை தொட்டிலே என்ற வரம்பு சட்டமாக வேண்டும். நீரும் சவர்க்காரமும் ஒரு நாளும் தடைப்படலாகாது. மூன்றாவது, குருதியை வளர்த்து மதுவத்தை இனங்காணும் வசதி மன்னார்க் கரையோரத்துக் குழந்தைக்கும் உரிய வேளையில் எட்டவேண்டும். அதன் துணையின்றி நுண்ணுயிர்கொல்லியை நாட்கணக்கில் தொடரும் வழக்கம் ஒழிய வேண்டும். நான்காவது, பங்கசு எதிர் மருந்துகளைப் பிபிலே வகுத்த வழியில் அரசே வாங்கித் தரம் பார்த்து வழங்கவேண்டும். ஐந்தாவது, தாய்க்குச் சிசுவின் அருகில் இடம் வேண்டும்.

இவற்றைக் கேட்கவேண்டியவர் வைத்தியர் மட்டுமல்லர். மதுவத்தின் அரும்புதலைக் கரும்பலகையில் வரைந்து காட்டும் உயிரியல் ஆசிரியர், அதே பாடத்தில் சண்டிகாரின் 379 குழந்தைகளையும் சொல்லட்டும். அதனை எழுதிக்கொள்ளும் மாணவர், தம் ஊர் வைத்தியசாலையில் தாதியர் எத்தனை பேர், தொட்டில்கள் எத்தனை என்று கேட்டு எழுதட்டும். தாதியரின் தொழிற்சங்கம் ஆட்பற்றாக்குறையை எதிர்த்துத் தெருவில் இறங்கும் நாளில், "நோயாளரைக் கைவிட்டுப் போகிறார்கள்" என்ற கூச்சலில் நாமும் கலந்துகொள்ளாது அவர்களோடு நிற்போம். அவர்கள் கேட்பது தம் கைக்கு ஓய்வு மட்டுமன்று. நம் குழந்தைகளைத் தொடுமுன் அக்கையைக் கழுவுவதற்கான நேரமும் ஆகும். அந்த நேரத்தை வென்றெடுக்கும் போராட்டம் தாதியருடையது மட்டுமன்று. பிள்ளை பெற்றவர், பெறப்போகின்றவர் அனைவருடையதும் ஆகும்.